மூன்றாம் நாள் உபயம்

பெம்பானுக்குப் போகிறவர்கள் மலாக்கா நகருக்குள் நுழையத் தேவையில்லை. நெடுஞ்சாலையில் ஜாசின் டோலில் இறங்கினால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சற்று நேரத்தில் ஊர் வந்துவிடும். நான் வேண்டுமென்றே சுற்றுவழியில் போனேன். பெம்பான் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் திருவிழாவுக்கு முந்திய உபயக் கூட்டம். வரச் சொன்னவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நகரங்களை அழகாக்கும் திட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு என்ன பங்கு என்று நான் எழுதிவந்த கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார். "முதல்ல டவுனை நல்லா சுத்திப் பாத்துட்டு வாங்க. அப்புறம் எங்க கூட்டத்துல வந்து உக்காருங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை ஜோங்கர் தெருவில் கால் வைக்க இடமில்லை. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய வார இறுதி இரவுச் சந்தை இன்று மலாக்காவின் முகமாகவே ஆகிவிட்டது. செண்டோல் கடை, அன்னாசி டார்ட் கடை, சாவிக்கொத்து விற்கும் கடை. பொம்மைகளும் வண்ண விளக்குகளும் கட்டிய திரிஷாக்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஊர்கின்றன. ஆற்றங்கரைக்கு இறங்கினால் வீடுகளின் பின்சுவர் நெடுக ஓவியங்கள். ஒருகாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஆறு இது. இன்று அதில் சுற்றுலாப் படகு போகிறது, கரையில் குழந்தைகள் நடக்கிறார்கள். இந்த மாற்றத்தைச் சிறிதாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆற்றைச் சுத்தமாக்குவதும் படைப்பு வேலைதான்.

ஆனால் தெருவில் நின்று அண்ணாந்து மேல்மாடிச் சன்னல்களைப் பார்த்தால் வேறு கதை தெரியும். கீழே கடைகளில் விளக்கு எரிகிறது. மேலே பல வீடுகளில் விளக்கே இல்லை. 7 ஜூலை 2008இல் மலாக்காவும் பினாங்கின் ஜோர்ஜ் டவுனும் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியபோது மலாக்காவில் அதன் மையப் பகுதி வெறும் 38.62 ஹெக்டர். சுற்றியுள்ள காப்புப் பகுதி 134.03 ஹெக்டர். இவ்வளவு சிறிய இடத்திலிருந்து குடும்பங்கள் வெளியேறியது அந்தப் பட்டியலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, பழைய கடைவீடுகளில் தையற்காரரும் தட்டாரும் சவப்பெட்டி செய்பவரும் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 2000 பிறந்தபோது பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியது, ஆட்கள் நகர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. சில வீடுகள் பறவைக்கூடு எடுப்பதற்காக உழவாரன் குருவிகளுக்கு விடப்பட்டன. கொல்லர் தெருவிலும் தட்டார் தெருவிலும் சுத்தியல் சத்தம் இன்று அபூர்வம்.

இந்தத் தெருக்களில்தான் மலாக்கா தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மூன்று வழிபாட்டிடங்களும் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். 1748இன் கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1781இல் டச்சுக்காரர் தந்த நிலத்தில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். பகலில் வந்து படமெடுப்பவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மாசி மகத்தன்று வந்தால்தான் இந்தத் தெரு யாருடையது என்று புரியும். ரதம் விநாயகர் கோயிலிலிருந்து புறப்பட்டுச் செங் பகுதியின் சன்னாசிமலைக்குப் போகும்போது, தெருவில் குடியில்லாதவர்கள்கூட தங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தவர்கள்போல் நிற்பார்கள். ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். எந்தச் சுற்றுலாத் துறையும் அவர்களை அழைத்து வருவதில்லை.

மறுநாள் காலை காஜா பெராங் போனேன். மலாக்கா செட்டிகளின் கிராமம் அது. பதினைந்தாம் நூற்றாண்டில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, பேச்சு மலாய் கலந்துபோய், சாமி மட்டும் மாறாமல் இருப்பவர்கள். பெண்கள் சாரோங் கெபாயா கட்டிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். முன்னோருக்குப் படையல் வைக்கும் 'பார்ச்சு' நாளில் வாழையிலையில் நாசி லெமாக்கும் இருக்கும், வடையும் இருக்கும். நான் போனது விழாக் காலம் இல்லை. இருந்தும் வாசல் நிலைகளில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். தமிழ் வார்த்தைகள் அவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். மலாயில் பேசினோம்.

1822இல் கட்டிய அவர்களுடைய முத்து மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் ஏப்ரல், மே வாக்கில் திருவிழா. 'டத்தோ சாச்சார்' என்று அம்மைத் தெய்வத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள். கிராமத்தில் இப்போது சில குடும்பங்கள்தான் இருக்கின்றன. மற்றவர்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். விழாவுக்கு அவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்களா என்று கேட்டேன். "வராமல்? எந்த வீட்டுக்கு எந்த வேலை என்று முறை இருக்கிறதே. என் அண்ணன் வீட்டுக்கு ஒரு வேலை, எனக்கு ஒன்று. நான் செய்யவில்லை என்றால் அந்த வேலை அப்படியே கிடக்கும். எல்லாரும் பார்ப்பார்கள்" என்றார்.

அந்தப் பதிலை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். 2010களின் நடுவில் இந்தக் கிராமத்தை ஒட்டி உயரமான அடுக்குமாடிகளும் விடுதியும் எழுப்பும் திட்டம் வந்தபோது இவர்கள் எதிர்த்து நின்றார்கள். ஊர்வலப் பாதை மறிபடும், வெள்ளம் வரும், கிராமம் சுவருக்குள் அகப்பட்ட முற்றமாகிவிடும் என்று சொன்னார்கள். செய்தித்தாள்கள் எழுதின. மிகச் சிறிய சமூகம்; தேர்தலில் கணக்குக்கு வராத எண்ணிக்கை. அப்படியும் அவர்கள் ஒன்றுசேர முடிந்ததற்கு ஒரு காரணம், ஒன்றுசேர்வது அவர்களுக்குப் புதிய வேலை இல்லை. ஆண்டுதோறும் விழாவுக்காகக் கூடிக் கணக்குப் பார்த்துச் சண்டை போட்டுப் பழகியவர்கள். அதே ஆட்கள், அதே முற்றம். உஜோங் பாசீரில் போர்த்துகீசியக் குடியேற்றத்து மக்களும் இப்படித்தான். ஜூன் கடைசியில் சான் பெட்ரோ விழாவுக்குப் படகுகளை அலங்கரிக்கும் அதே கைகள்தான், கடலை மண்ணிட்டு மூடும் திட்டங்களை எதிர்த்தும் மனு எழுதின.

நகரங்களைப் படைப்புத்திறன் உள்ளவையாக ஆக்குவது பற்றி இன்று உலகமெங்கும் பேச்சு. யுனெஸ்கோ அதற்கென ஒரு வலையமைப்பே வைத்திருக்கிறது. சென்னை 2017இல் இசைக்காக அதில் சேர்ந்தது. கூச்சிங் 2021இல் உணவுக்காக. பட்டம் கிடைப்பது எளிது என்று சொல்லமாட்டேன். ஆனால் பட்டம் கிடைத்த அடுத்த நாள் முதல் குடியிருப்பவர்களை அந்த வேலைக்குள் எப்படி வைத்திருப்பது என்பதுதான் எல்லா ஊரும் தடுமாறும் இடம். கருத்துக் கேட்புக் கூட்டம் போடுகிறார்கள். முதல் கூட்டத்துக்கு நூறு பேர், இரண்டாவதற்கு இருபது, மூன்றாவதற்கு அதிகாரிகள் மட்டும். மக்களுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

மலேசியாவில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. மலாயாவின் முதல் தேர்தலே ஊராட்சித் தேர்தல்தான்: 1951 டிசம்பரில் ஜோர்ஜ் டவுன் நகரசபைக்கு நடந்தது. 1965இல் இந்தோனேசியாவுடனான பகையைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். 1976இன் ஊராட்சிச் சட்டம் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. அன்று முதல் நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. நம் தெருவில் எந்த மரம் வெட்டப்படும், எந்தத் திடலில் என்ன கட்டப்படும் என்று முடிவெடுப்பவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊரமைப்புத் திட்டம் தயாராகும்போது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும், முடிவான வரைபடத்தின் முன் நின்று ஆட்சேபம் எழுதுவது ஒன்று. ஆரம்பத்திலேயே பென்சிலைப் பிடிப்பது வேறு.

பென்சிலைக் கொடுத்துப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. பினாங்கில் ஜேனட் பிள்ளை 1999இல் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பைப் பற்றித் தமிழில் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் வருத்தம். பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர் அவர். ஜோர்ஜ் டவுனின் உள்நகரத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். பிள்ளைகள் கைத்தொழில் செய்பவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டார்கள், வரைந்தார்கள், ஒலியைப் பதிவு செய்தார்கள், பிறகு அதையே நாடகமாகவும் வரைபடமாகவும் ஆக்கி அந்தத் தெரு மக்களுக்கே காட்டினார்கள். சௌரஸ்தா சந்தையிலும் வேலை செய்தார்கள். நகரத்தோடு நின்றுவிடாமல் மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் பூலாவ் என்ற சிற்றூருக்கும் போனார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சிற்றூர்தான். பாரம்பரியப் பட்டியலில் இல்லாத, சுற்றுலாப் பேருந்து நிற்காத ஊருக்கும் சொல்லத்தக்க கதை உண்டு என்று அங்குள்ள பிள்ளைகளையே கண்டுபிடிக்க வைத்தார்கள். 2013இல் ஜேனட் பிள்ளை இந்த முறையை ஒரு கையேடாகவே எழுதி வெளியிட்டார்.

அதே ஜோர்ஜ் டவுனில் 2012இல் எர்னஸ்ட் சக்காரேவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் மிதிவண்டிப் பிள்ளைகளை வரைந்தார். அற்புதமான ஓவியம், உலகப் புகழ். அதன் முன் படம் எடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. அந்த ஒரு சுவர் புகழ் பெற்றதும் மலேசியாவின் எல்லா ஊருக்கும் ஓவியச் சுவர் வேண்டியதாகிவிட்டது. ஈப்போ முதல் மலாக்கா வரை சந்துக்குச் சந்து மிதிவண்டிகள். சுவரை வரைய ஒரு வாரம் போதும். பிள்ளைகளை ஒரு தெருவோடு பழக்க ஆண்டுகள் பிடிக்கும். பணம் எந்தப் பக்கம் சுலபமாகப் போகும் என்று ஊகிப்பது கடினமில்லை. சென்னையில் கண்ணகி நகர்ச் சுவர்களும் 2020இல் இப்படி வண்ணம் கண்டன. நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட மக்கள் அவர்கள். வேலைக்குப் போகும் நெடுந்தூரப் பேருந்துப் பயணத்தைச் சாயம் சுருக்கிவிடாது. அதே சென்னையில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா வேறு பாதையை முயன்றது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் மீனவக் குப்பத்து மக்களோடு சேர்ந்து, பறையையும் வில்லுப்பாட்டையும் கர்நாடக இசையையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். இசைச் சபாக்களுக்குப் போகிறவர்கள் குப்பத்து மணலில் உட்கார வேண்டியிருந்தது. எனக்கு இது பிடித்திருந்தது.

காஜா பெராங்கிலிருந்து பெம்பானுக்கு ஆசிரியரின் காரில் போனோம். இந்த வட்டாரத்துக்கு மலாயா வரலாற்றில் பெரிய இடம் உண்டு. 1896இல் தான் சே யான் என்ற மலாக்கா வணிகர் நகரின் புறத்தே புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பிறகு இதே ஜாசின் மாவட்டத்தின் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். மலாயா முழுதும் பால்மரம் பரவியதன் முதல் அடி இங்கே விழுந்தது. அந்த மரங்களுக்குக் கீழே விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் நம்மவர்கள். டைமண்ட் ஜுபிலி, ஜாசின் லாலாங் என்று தோட்டத்தின் பெயரையே சுமந்துகொண்டு நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. சில பள்ளிகளைச் சுற்றித் தொழிலாளர் லயமும் இல்லை, குடியும் இல்லை. பிள்ளைகள் தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் வருகிறார்கள்.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, வீடும் வேலையும் ஒரே நாளில் போயின. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கவைத்தார். தப்பியவர்கள் தப்பினார்கள். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். வெளிநாட்டுத் தொழிலாளிகள் வந்தார்கள். நம் பிள்ளைகள் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். குடும்பங்கள் பெம்பான், ஜாசின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன.

கோயில் மட்டும் பெயரவில்லை. செம்பனை வரிசைகள் முடியும் இடத்தில் கொஞ்சம் திறந்த நிலம், துத்தநாகக் கூரை போட்ட கூடம், பின்னால் சமையல் கொட்டகை. நாங்கள் போனபோது எல்லாரும் கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் நடந்துகொண்டிருந்தது. ஓர் இளைஞன் ரதத்தின் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். விளக்குச் சரங்களுக்கான கம்பிகள் மயிலின் தோகை வடிவில் வளைந்திருந்தன. அவனுக்கு யாரும் வரைபடம் தரவில்லையாம். தரையில் சுண்ணாம்பால் மயிலைப் பெரிதாக வரைந்து, அதன் மேல் கம்பியை வைத்து வைத்து வளைத்திருக்கிறான். தொழிற்சாலையில் அவன் இரவு வேலை. தூங்காமல் வந்திருந்தான்.

கூடத்தில் ஆசிரியரின் சனிக்கிழமை வகுப்பு. அந்த வாரம் ஞாயிறுக்குத் தள்ளியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குருத்தோலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாட்டி. ஓலையின் ஈர்க்கை ஒரே இழுப்பில் உருவி எறிந்தார். இதழை இரண்டாக மடித்தார், கட்டை விரல் நகத்தால் ஓரத்தைக் கீறினார், ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகினார். ஐந்தாறு அசைவுகளில் கிளி ஒன்று அவர் விரலில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்துப் பையன் அதைக் கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பின்னினான். அவனுடைய கிளிக்கு வால் நிற்கவில்லை. "நகத்தை வளத்துட்டு வாடா" என்றார் பாட்டி. செம்பனை ஓலையில் பின்னலாமா என்று நான் கேட்டதற்குச் சிரித்தார்கள். மட்டை முழுக்க முள், இதழும் சீக்கிரம் சுருண்டுவிடுமாம். தென்னங்குருத்துக்காகத் தாமானில் யார் வீட்டில் மரம் இருக்கிறது என்று பிள்ளைகள் கணக்கெடுத்து ஒரு வரைபடமே வைத்திருக்கிறார்கள். அதில் மலாய்க்காரர் வீட்டு மரங்கள்தான் அதிகம். கேட்டால் கொடுக்கிறார்கள், விழாவன்று சாப்பிட வருகிறார்கள்.

அந்த வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பள்ளி நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்து வரைந்தது. தெரு, கால்வாய், சூராவ், கடை, நாய் கடிக்கும் வீடு, குருத்து தரும் வீடு. நகராண்மைக் கழகத்தின் எந்த ஆவணத்திலும் இந்தத் தாமான் இவ்வளவு துல்லியமாக இருக்காது என்று தோன்றியது. ஜாசின் நகராண்மைக் கழகம் இங்கே ஒரு பூங்கா அமைக்க நினைத்தால் முதலில் இந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்று நிச்சயமாகச் சொல்வேன். பெம்பானைப் போன்ற ஊர்கள் நகரத் திட்டங்களில் வீடுகளின், வாகனங்களின் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றன. கலை என்றால் மலாக்காவுக்குப் போக வேண்டும், இங்கே தூங்க வேண்டும் என்ற ஏற்பாடு. ஆனால் மயிலை வளைத்த பையன் இங்கேதான் இருக்கிறான். உருமி மேளக் குழுவும் இங்கேதான். தோட்டத்துக் கோயில்களில் வளர்ந்த உருமி இன்று மலேசியத் தமிழ் இளைஞர்களின் தனிக்கலை. அதை வாசிக்கத் தாமானில் இடமில்லை. சத்தம் என்று புகார் வருகிறது, செம்பனைக்கு நடுவே போய் வாசிக்கிறார்கள். ஒரு பழைய மண்டபத்தை மாலை நேரத்தில் இவர்களுக்குத் திறந்துவிடுவதற்கு எத்தனை செலவாகும்? ஒரு சுவரோவியத்தைவிடக் குறைவுதான்.

மதியத்துக்கு மேல் உபயக் கூட்டம். கோயில் நிர்வாகத்தாரிடம் பெரிய பேரேடு ஒன்று. தோட்டத்து ஆபீசில் ஆள்கணக்கு எழுதிய பழைய செக்ரோல் புத்தகத்தின் வெற்றுத் தாள்களில் தொடங்கியிருக்கிறார்கள். பிறகு தாள் ஒட்டி ஒட்டிப் பெருத்திருக்கிறது. விழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தாருக்குச் சொந்தம். இரண்டாம் நாள் பால்வெட்டுக்காரர் உபயம். மூன்றாம் நாள் ரப்பர் ஸ்டோர் ஆட்கள் உபயம். நான்காம் நாள் லோரிக்காரர்கள், அடுத்தது மாதர். அந்த நாளின் பூ, சோறு, மேளம், விளக்கு, இரவு நிகழ்ச்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. எப்படிச் செய்வது என்று யாரும் கட்டளையிட மாட்டார்கள். நேற்று அவர்கள் செய்ததைவிட இன்று நாம் நன்றாகச் செய்ய வேண்டும் என்ற போட்டி மட்டும் உண்டு. பால்வெட்டே இல்லாமல் போன பின்னும் பால்வெட்டுக்காரர் உபயம் அவர்கள் பேரப்பிள்ளைகளால் நடக்கிறது. ஒருவர் ஜொகூரில் இருக்கிறார், ஒருவர் கிள்ளானில். நாள் நெருங்கினால் விடுப்புப் போட்டு வருகிறார்கள்.

காஜா பெராங் பெரியவர் சொன்னதும் இதைத்தான். ஒருவருடைய கருத்தைக் கேட்பது நல்லதுதான். ஆனால் கருத்துச் சொன்னவர் வீட்டுக்குப் போய்விடலாம். முறை உள்ளவர் போக முடியாது. நாள் அவர் பெயரில் இருக்கிறது, பணமும் அவர் கைக்கு வருகிறது, நன்றாக வந்தால் பெயரும் அவருக்கே, கெட்டாலும் அவருக்கே, அடுத்த ஆண்டும் அது திரும்பி வரும். நகரங்கள் மக்களுக்குத் தருவது பெரும்பாலும் ஒருநாள் கூட்டம். இந்தக் கோயில் தருவது ஒரு நாளின் முழு உரிமை. ஒரு தெருவின் ஓராண்டு நிகழ்ச்சிகளை, செலவோடும் அதிகாரத்தோடும், அந்தத் தெருக்காரர்களிடமே ஒப்படைத்துப் பார்க்க ஒரு நகராண்மைக் கழகம் துணிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. சில இடங்களில் சொதப்புவார்கள். மறு ஆண்டு அவர்களே சரிசெய்வார்கள்.

உபய முறைக்கும் குறை உண்டு. அது யாரை உள்ளே விடுகிறது என்பதில் இருக்கிறது. சாதியைச் சொல்லி உபயம் பிரித்த கோயில்களும் இந்த நாட்டில் இருந்திருக்கின்றன; அதை மறைத்துவிட்டு இதைப் புகழ எனக்கு மனமில்லை. இங்கே அன்று எழுந்தது வேறு சிக்கல். மூன்றாம் நாளுக்கு ஆள் இல்லை. ரப்பர் ஸ்டோர் என்றோ மூடிவிட்டது. எடுத்து நடத்திவந்த கடைசிக் குடும்பமும் முடியவில்லை என்று சொல்லிவிட்டது. தாமானில் உருமி வாசிக்கும் இளைஞர்களும், அவர்களோடு பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகளும் மூன்றாம் நாளைக் கேட்டு வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வேறு வேறு தோட்டங்களிலிருந்து தாமானுக்கு வந்த குடும்பங்கள். சிலருடைய தாத்தா பாட்டி இந்த மாவட்டமே இல்லை.

"இது ஸ்டோர் ஆளுங்க உபயம். நம்ம தோட்டத்து ஜனம் இல்லாதவங்களுக்கு எப்படிக் குடுக்கிறது?" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

"தோட்டமே இல்ல அங்கிள்," என்றாள் ஒரு பெண். தொழிற்கல்லூரியில் படிப்பவள். "இப்ப எல்லாரும் ஒரே தாமான்ல தானே இருக்கோம். ஒரே கடையிலதான் சாமான் வாங்குறோம். சாமிக்கு மட்டும் நாங்க வெளியூரா?"

கூடத்தில் சலசலப்பு. உருமி அடித்தால் அம்மன் முன்னால் சினிமாப் பாட்டு வரும் என்றார் ஒருவர். வராது என்று பின்னாலிருந்து நான்கு குரல். ஸ்டோர் ஆட்கள் பெயரை எடுத்துவிட்டால் பெரியவர்கள் மனசு வருந்தும் என்றார் மாதர் அணி அக்கா. பெயரை எடுக்க வேண்டாம், 'ரப்பர் ஸ்டோர் ஆட்கள் நினைவு உபயம், தாமான் இளைஞர்' என்று போடலாம் என்றார் ஆசிரியர். முன்வரிசைப் பெரியவர் இணங்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. தலைவர் நிறைய நேரம் எல்லாரையும் பேசவிட்டார். பிறகு, "பேரை அப்புறம் பாப்போம். முதல்ல கணக்கைச் சொல்லு பிள்ள. பேச்சுக்கு உபயம் கிடையாது" என்றார்.

அவள் கைப்பேசியைத் திறந்து வாசித்தாள். பூ இத்தனை. அரிசி, பருப்பு, காய் இத்தனை பேருக்கு. குருத்தோலை செலவில்லை, பிள்ளைகள் கொண்டுவருவார்கள். மேளம் செலவில்லை, நாங்களே. இரவு நிகழ்ச்சிக்கு, ஸ்டோரில் வேலை செய்தவர்களை மேடையில் உட்காரவைத்துப் பேச வைப்பது, அவர்கள் கொண்டுவரும் பழைய படங்களைப் பெரிதாக்கித் துணியில் காட்டுவது. அதற்குத் துணியும் புரொஜெக்டரும் பள்ளியிலிருந்து. முன்வரிசைப் பெரியவர் தலையைத் தூக்கி, "எந்தப் படம்?" என்றார். "உங்ககிட்ட இருக்குற படந்தான் அங்கிள். குடுத்தீங்கன்னா" என்றாள்.

"ஜெனரேட்டர் வாடகைய விட்டுட்டியே" என்றார் பொருளாளர், பேரேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது எங்க மாமாகிட்ட இருக்கு. எண்ணெய் மட்டும் நம்ம செலவு."

"எண்ணெய எழுது. எழுதிட்டு மொத்தத்தை மறுபடி கூட்டு."

அவள் கூட்டத் தொடங்கினாள். தலைவர் நான்காம் நாள் லோரிக்காரர்களைக் கூப்பிட்டார்.